கோபுரம் தெரியுதே

பஸ்ரியாம்பிள்ளையின் வள்ளத்தில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"காலமை என்ன சாப்பிட்டனீர்?"

விதானையாருக்கும் அதே கேள்விதான், சுவாமியாருக்கும் அதே கேள்விதான். ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் துறையிலேயே மறித்து வைத்து, தன் ஓலைப்பெட்டிக்குள்ளிருந்து காய்ந்த பாண் துண்டொன்றை எடுத்து நீட்டுவார். புட்டும் மீன்பொரியலும் மூக்குமுட்டப் பிடித்துவிட்டு வந்தவரென்றால், "அப்ப நீர் மோட்டர் வள்ளத்தில போம். என்ர பலகையை நான் நேற்றுத்தான் கழுவினனான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

நெடுந்தீவிலிருந்து ஊர்காவற்துறைக்கு நல்ல காற்றென்றால் பாய்வள்ளத்தில் மூன்று மணித்தியாலம். நான் சொல்வது அறுபத்தேழாம் ஆண்டுக் கதை. அப்போதே மோட்டர் வள்ளங்கள் வந்துவிட்டன. பாதி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அந்த எண்ணெய்ப் புகை மணம் இருக்கிறதே, துறையை விட்டு வெளிக்கிட முன்னமே குடலைப் புரட்டும். அதனால் வாயும் வயிறுமான பெண்களும் கடல் ஒத்துக்கொள்ளாதவர்களும் பஸ்ரியாம்பிள்ளையின் பாய்க்காகக் காத்திருந்தார்கள். சத்தி எடாத வள்ளம், ஏறினவருக்கு வாந்தி வராத வள்ளம், என்று அதற்குப் பெயர். அது முழு உண்மை இல்லை. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது, மனிதருக்கும் அதில் நல்ல புளுகம்.

நானும் அவரிடம் ஏச்சு வாங்கியவன்தான். பட்டணத்தில் ஒரு சோதனை எழுதப் போனபோது, வள்ளத்தின் அடியில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குந்தினேன். தலையில் ஒரு துவாயும் போட்டிருந்தேன்.

"தம்பி, உதென்ன செத்தவீட்டில இருக்கிற மாதிரி? எழும்பும் மேல. நடுப்பலகையில இரும். காத்து முகத்தில படவேணும்."

"தலை சுத்துது அண்ணை."

"சுத்தும். கண்ணை மூடினால் இன்னும் சுத்தும். தண்ணியைப் பாராதையும். அந்தா, நயினாதீவுக் கோபுரம் தெரியுதே? அதைக் கண்ணால பிடியும். விடாதையும்."

பிறகு ஒரு தேசிக்காயின் தோலை நகத்தால் கீறி மூக்கடியில் பிடிக்கத் தந்தார். எலுமிச்சைப் புளியை உறிஞ்சக் கூடாதாம், மணக்க மட்டும்தான். சத்தி வந்தால் அடக்கக் கூடாது; காற்றுப் போகிற பக்கம் எடுத்துவிட்டு, வாய் கொப்பளித்து, ஒரு கடி பனங்கட்டியும் ஒரு மிடறு இஞ்சித் தண்ணீரும் எடுக்க வேண்டும். வேதக்காரன் ஒருவன் எல்லாரையும் அம்மன் கோபுரத்தைப் பார்க்கச் சொல்கிறானே என்று சிலர் பகிடி பண்ணுவார்கள். அவர் கோபிக்க மாட்டார். "கடலில எல்லாம் ஆடும். ஆடாத ஒண்டைக் கண்ணுக்குக் குடுத்தால் வயிறு தன்ர பாட்டில கிடக்கும். ஆரின்ர கோபுரம் எண்டு வயித்துக்கு என்ன தெரியும்?" என்பார். அன்றைக்கு எனக்குச் சத்தி வரவில்லை.

அவருடைய மனைவி மரியநாயகிக்கு இந்த வைத்தியமொன்றும் தேவைப்பட்டதில்லை. வள்ளத்திலேயே வளர்ந்தவள். மற்றவர்கள் அந்தோனியாரைக் கூப்பிடுகிற கடலில் அவள் நடுப்பலகையில் இருந்து ஆறுதலாக வெற்றிலை போடுவாள்.

அவளுக்கும் ஒரு பயம் இருந்தது, ஆனால் அது கடலைப் பற்றியது அல்ல. அவளுடைய தகப்பன் குருசுமுத்துவுக்கு ஐம்பது வயதில் இரண்டு கண்ணும் போய்விட்டன. கடைசிக் காலம் முழுக்க முற்றத்தில் இருந்து கையால் தடவித் தடவி வலை பொத்தினார். மரியநாயகிக்கு நாற்பது தாண்டியதும் வலது கண் மெல்ல மெல்ல மங்கி, இரண்டு வருடத்துக்கு முந்திய தபசுகாலத்தில் முற்றாக அணைந்துபோனது. ஒருவருக்கும் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோர்க்க மகள் இருந்தாள். மீனில் முள் பார்க்க விரல் இருந்தது. இடது கண்ணை வைத்துக்கொண்டு குசினி, கிணற்றடி, கோயில் என்று எல்லாவற்றையும் ஓட்டினாள். அந்த வருடம் அந்தக் கண்ணிலும், விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம் தெரியத் தொடங்கியது. தகப்பனுக்கும் அப்படித்தான் தொடங்கியது.

அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் கிறேஸ். ஒரே பிள்ளை, இருபது வயது. ஊர்காவற்துறையில் அவளுக்குச் சம்பந்தம் பொருந்தி வந்த நேரம் அது. மாப்பிள்ளை யாக்கோப்பு சொந்த வலையும் தோணியும் உள்ளவன், குடியில்லாதவன். அவனுடைய தாய் சூசையம்மா புருஷன் போன பிறகு தனியாகப் பிள்ளைகளை ஆளாக்கியவள், வாய்க்காரி. பரம்பரைக் கண் வருத்தம் என்று ஒரு சொல் அவள் காதில் விழுந்தால் எல்லாம் முறிந்துவிடும் என்று மரியநாயகி நம்பினாள். கலியாணத்துக்கு முன்னம் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இரண்டு பேருடைய பெயரையும் கூறி அறிவிப்பார்கள். கூறி முடித்துவிட்டால் பிறகு ஒருவரும் இலேசில் பின்வாங்க மாட்டார்கள். அதுவரை அந்த ஒற்றைக் கண் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய செபமெல்லாம்.

ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், நாள் குறிப்பதற்காக மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். வள்ளத்தில் மூன்று பேர்தான். சோளகக் காற்றுப் பின்னால் நின்று தள்ள, தொடர்ந்து வந்த அலை வள்ளத்தைத் தூக்கித் தூக்கி இறக்கியது.

"காலமை என்ன சாப்பிட்டனீர்?" என்று பஸ்ரியாம்பிள்ளை மனைவியையும் விடாமல் பகிடிக்குக் கேட்டார்.

"பாணும் தேத்தண்ணியும். தலைக்கைதான் ஒரு குத்துக் குத்துது."

"பிள்ளையைக் குடுக்கப் போற தலையிடி அது" என்று சிரித்துக்கொண்டு அவர் சுக்கானைத் திருப்பினார்.

அனலைதீவுப் பக்கம் கரை தெரிய முன்னமே மரியநாயகி நெற்றியைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். அடுத்த அலையில் சத்தி எடுத்தாள். கிறேஸ் பதறிப்போய்த் தாயின் முதுகைத் தடவினாள்.

"அப்பா, அம்மா ஒருநாளும் எடுக்கிறேல்லையே!"

"எடுக்கட்டும் பிள்ளை, அடக்கக் கூடாது. மாதச் சுகம் நிக்கிற வயசில பொம்பிளையளுக்குக் கடல் மாறும். இருவது வருசம் எடாதவை திடீரெண்டு எடுக்கிறதை நான் எத்தினை கண்டிருக்கிறன்." அவருக்கு ஆச்சரியம்தான், ஆனாலும் காரணம் கைவசம் இருந்தது. "அந்தத் தேசிக்காயைக் கீறிக் குடு. நாயகி, நிமிந்து இரு. கோபுரத்தைப் பார். தெரியுதே?"

"தெரியுது" என்றாள் மரியநாயகி.

கோபுரம் வலது பக்கத்தில் நின்றது. அவள் முகம் அவருடைய குரல் வந்த பக்கம் திரும்பியிருந்தது. களைப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஊர்காவற்துறையில் இறங்கும்போது அவள் படியைக் காலால் தேடினாள். கிறேஸ் ஒரு கையைப் பிடித்தாள். மாப்பிள்ளை வீட்டில் அறையைக் கூட்டி, நல்ல கதிரைகளாக நாலைந்து போட்டு, பயற்றம் பணியாரமும் கோப்பியும் வைத்திருந்தார்கள். சூசையம்மா கோப்பியை நீட்டினாள். மரியநாயகி கை நீட்டினாள், கோப்பைக்கு ஒரு சாண் தள்ளி. வெறுங்காற்றைப் பிடித்த அந்தக் கையைப் பஸ்ரியாம்பிள்ளை கண்டார். சட்டென்று எழுந்து, கோப்பையை வாங்கி, மனைவியின் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தினார்.

"கடல் சுத்திப்போட்டுது அவவுக்கு. தரை இன்னும் ஆடுது போல கிடக்கு."

சூசையம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ன சம்மந்தி இது! சத்தி எடாத வள்ளம் எண்டு ஊரெல்லாம் கதை. சொந்தப் பெண்சாதியையே சத்தி எடுக்க வைச்சுக் கொண்டு வந்திருக்கிறீங்கள்?"

"என்ர பேரும் போச்சுது எண்டு சொல்லுங்கோவன்" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். முப்பது வருடத்துப் பெயரை அந்த மனிதர் ஒரு கோப்பைக் கோப்பிக்காக விட்டுக்கொடுத்தார். துறை முழுக்க இந்தக் கதை அன்று பின்னேரமே போகும் என்று அவருக்குத் தெரியும்.

யாக்கோப்பு வந்து வணக்கம் சொன்னபோது மரியநாயகி, "கையைத் தாரும் தம்பி" என்றாள். அவனுடைய உள்ளங்கையை விரலால் தடவிப் பார்த்தாள். கயிறு இழுத்துக் காய்த்த கை. "நல்ல கை" என்றாள். பெரியவர்களின் வாழ்த்து என்று எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். அவனுடைய முகம் எப்படியென்று அவள் பிறகு மகளிடம்தான் கேட்டாள்.

நாள் குறித்தாயிற்று. வருகிற ஞாயிறே பெயர் கூறுவதென்றும் ஆயிற்று. சாப்பாட்டை மரியநாயகி தொடவில்லை. துறைக்கு வந்ததும் பஸ்ரியாம்பிள்ளை கிறேஸை வள்ளத்துக்கு அனுப்பிவிட்டு, மனைவியை மதிலோரமாக நிறுத்தினார்.

"நாயகி, உண்மையைச் சொல். உனக்குக் கண் தெரியேல்லையே?"

அவள் மதிலைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"வலது கண் போய் ரெண்டு வருசம்."

"மாதாவே! இடது?"

"காலமை வெளிக்கிடேக்கை தெரிஞ்சது. கடலுக்கை தலையிடி கூடச் சத்தி வந்தது. அதோட பனிப்புகார் மூடின மாதிரிக் கிடக்கு. உங்கட சட்டை வெள்ளை எண்டு தெரியுது. முகம் தெரியேல்லை."

யாழ்ப்பாணம் போகிற பஸ் சந்தியில் நின்று இரைந்துகொண்டிருந்தது. வேலணை, மண்டைதீவு, பண்ணைப் பாலம். ஒன்றரை மணித்தியாலத்தில் பெரியாசுப்பத்திரி.

"வா, ஏறு. இப்பவே போவம்."

"ஐயோ, வேண்டாம். உந்தச் சந்தியில நிக்கிறதெல்லாம் சூசையம்மாவின்ர சனம். என்னைக் கண்ணாசுப்பத்திரிக்குக் கொண்டு போறியள் எண்டு பொழுதுபட முன்னம் அவவுக்குத் தெரிஞ்சிடும். என்ர அப்புவின்ர கண் போன கதையைக் கிண்டி எடுப்பினம். என்ர பிள்ளையை ஆர் பிறகு கேப்பினம்? மூண்டு ஞாயிறு பொறுங்கோ. மூண்டே மூண்டு ஞாயிறு. பேர் கூறி முடியட்டும், நீங்கள் சொல்லுற இடமெல்லாம் வாறன்."

"கண்ணை வைச்சு விளையாடுறியே?"

"அப்புவுக்கு முழுக்கப் போக எட்டு வருசம் எடுத்தது. எனக்கு மூண்டு கிழமையிலயே போகப் போகுது?"

அவர் யோசித்தார். முப்பது வருடமாகச் சத்தி எடுப்பவர்களைப் பார்த்தவரின் யோசனை அது. எத்தனையோ பேர் அவருடைய பலகையில் சாய்ந்துகொண்டு கண் இருட்டுது என்று கத்தியிருக்கிறார்கள். கரை தட்டி ஒரு தேத்தண்ணீர் குடித்தால் வெளித்துவிடும். வலது கண் போனது பரம்பரை வருத்தம். இடது கண்ணில் இருக்கிற புகார் சத்தியால் வந்தது. இரண்டையும் அவர் வேறுவேறாகப் பிரித்து வைத்தார்.

"சத்தியால வந்த இருட்டு அது. விடிய வெளிச்சிடும். ஒண்டுக்கும் யோசியாதை" என்றார். அவளுக்கும் சொன்னார், தனக்கும் சொன்னார். பஸ் புறப்பட்டுப் போய்விட்டது. அந்த பஸ்ஸை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

திரும்பும் வழியில் காற்று எதிர்க்காற்று. இங்கும் அங்குமாகப் பாயை மாற்றி மாற்றி, ஐந்து மணித்தியாலம் எடுத்தது. அவள் மூன்று தரம் சத்தி எடுத்தாள். கோபுரத்தைப் பார் என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு அலையும் வர முன்னம், "இப்ப ஏறுது, நாயகி. இப்ப இறங்குது" என்று சொல்லிக்கொண்டு வந்தார். கண்ணால் பிடிக்க முடியாதவளுக்குக் காதால் பிடிக்கக் கொடுத்தார். இதைவிட அன்பாக ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? ஆனால் அவர் செய்ய வேண்டியிருந்தது அது அல்ல.

வீட்டுக்கு வந்த பிறகும் சத்தி நிற்கவில்லை. தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மரியநாயகி பாயில் கிடந்தாள். இடது கண் சிவந்து கல்லுப்போல இருந்தது.

"அப்பா, தரையில இருந்தும் அம்மா எடுக்கிறா. எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள் கிறேஸ்.

"கடல் மூண்டு நாளைக்கு உடம்பில நிக்கும் பிள்ளை. வெறும் வயித்தில விடாதை. கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் குடு."

கிறேஸ் கஞ்சி காய்ச்சினாள், இஞ்சி இடித்தாள், தேசிக்காய் கீறினாள். தகப்பன் சொன்னது ஒன்றையும் அவள் விடவில்லை. முதல் ஞாயிறு பெயர் கூறினார்கள். மரியநாயகி பாயில் கிடந்தபடி மணிச் சத்தத்தை மட்டும் கேட்டாள். செவ்வாய்க்கிழமை அளவில் நோவு குறைந்தது. சத்தி நின்றது. அவள் எழுந்திருந்து ஒரு கோப்பை தேத்தண்ணீரும் குடித்தாள்.

"கண்டியே, கடல் இறங்கியிட்டுது" என்று பஸ்ரியாம்பிள்ளை சந்தோசப்பட்டார். "கண் எப்பிடி?"

"நோ இல்லை" என்றாள்.

அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் அவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார். நோவு போனவர்கள் சுகமானவர்கள் என்று நாங்கள் எல்லாரும்தானே நினைக்கிறோம்.

மூன்றாம் ஞாயிறு அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போய், முன் வாங்கில் இருந்தாள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, முக்காட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தபடி சொன்னாள்.

"இனி ஆசுப்பத்திரிக்குப் போவம்."

"இப்ப எவ்வளவு தெரியுது?"

"சுவாமியார் பேர் கூறினது வடிவாக் கேட்டுது."

அவர் எழுந்து போய் அவளுடைய முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார். பிறகு படலையைத் திறந்துகொண்டு வெளியே போய், வேலியைப் பிடித்தபடி நின்றார். கிறேஸுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. "எனக்காகவே? எனக்காகவே அம்மா?" என்று தாயின் மடியில் தலையை அடித்துக்கொண்டு கத்தினாள்.

பெரியாசுப்பத்திரியில் கண் டொக்டர் வெகுநேரம் பார்த்தார். கண்ணை விரலால் மெல்ல அமுக்கினார். பிறகு பஸ்ரியாம்பிள்ளையிடம் கேட்டார்.

"எப்ப தொடக்கம் நோ?"

"மூண்டு வியாழனுக்கு முன்னம் ஐயா. ஆனால் அண்டைக்கு அவவுக்குக் கடல் சத்தியும்."

"நோவும் சத்தியும் ஒண்டாகவே வந்தது?"

"ஓம். நாங்கள் வள்ளத்தில வந்தனாங்கள். நான் வள்ளக்காரன். அது கடலால வந்த சத்தி ஐயா, அதை விடுங்கோ."

"இல்லைக் காணும். அது கண்ணால வந்த சத்தி. கண்ணுக்குள்ள திடீரெண்டு அழுத்தம் ஏறினால் தலையிடியும் வரும், சத்தியும் வரும், பார்வையும் மங்கும். எல்லாம் ஒரே வருத்தம். அண்டைக்கே கொண்டு வந்திருந்தால், அடுத்த நாளாவது வந்திருந்தால், இந்தக் கண்ணைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்."

"அண்டைக்கு நாங்கள் ஊர்காவற்துறையிலதான் ஐயா நிண்டனாங்கள்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. டொக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

நோவு திரும்ப வராமல் இருக்க ஒரு சத்திரசிகிச்சை செய்தார்கள். பார்வைக்கு அல்ல. மூன்றாம் நாள் சூசையம்மா ஒரு கூசாவில் தேத்தண்ணீரோடு வந்து கட்டிலடியில் நின்றாள். கூசாவைக் கீழே வைத்தாள். பிறகு மரியநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் சம்மந்தி மறைச்சனீங்கள்? நாங்கள் பெட்டையைத்தானே கேட்டனாங்கள், உங்கட கண்ணையே கேட்டனாங்கள்?" என்று அழுதாள். அவள் மனதாரத்தான் சொன்னாள். பெயர் கூற முன்னம் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது.

ஆடி மாதக் கடைசியில் வீட்டுக்குத் திரும்பினார்கள். கடல் கொதித்துக்கொண்டிருந்தது. ஊர்காவற்துறையில் இரண்டு மோட்டர் வள்ளக்காரர்கள் அன்றைக்கு ஓடுவதில்லை என்று நங்கூரம் போட்டுவிட்டார்கள். பஸ்ரியாம்பிள்ளை பாயைப் பாதியாகச் சுருக்கிக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்.

மரியநாயகி நடுப்பலகையில் இருந்தாள். அனலைதீவு தாண்டியதும் வள்ளம் குப்புறப் பாய்ந்து பாய்ந்து எழுந்தது. கிறேஸ் முகம் வெளிறிப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். மரியநாயகி காற்றுக்கு முகத்தைக் கொடுத்தபடி, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, நரம்பைக் கிள்ளி, விரலால் தடவிச் சுண்ணாம்பு பூசி, ஆறுதலாக வாயில் போட்டாள். ஒரு பெரிய அலை அடித்து மூன்று பேரையும் நனைத்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு மென்றுகொண்டிருந்தாள்.

பஸ்ரியாம்பிள்ளை அதைப் பார்த்தார். கோபுரமும் இல்லை, கண்ணும் இல்லை. இந்தக் கடல் அவளை ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கு இதில் பாதி அலையும் இல்லை. ஒரு நாளும் சத்தி எடுக்காதவள் அன்றைக்கு எடுத்தபோது, வேறு எந்தப் புருஷனும் பயந்துபோய் ஆசுப்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அதனால் தேசிக்காய் கொடுத்தார்.

"பிள்ளை, சுக்கானைப் பிடி" என்றார். கிறேஸ் ஓடி வந்து பிடிக்கவும், அவர் குனிந்து கடலுக்குள் சத்தி எடுத்தார். முப்பது வருடத்தில் முதல் தரம். வயிற்றில் ஒன்றும் இல்லை. வெறும் பித்தம்தான் வந்தது. பிறகு அதுவும் இல்லாமல் ஓங்காளித்தார்.

மரியநாயகி சத்தத்தைக் கேட்டாள். பலகை பலகையாகத் தடவிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து, முதுகில் கை வைத்தாள்.

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டும் இல்லை."

அவள் ஓலைப்பெட்டிக்குள் துழாவி ஒரு தேசிக்காயை எடுத்தாள். தோலை நகத்தால் கீறி, அவருடைய மூக்கு எங்கேயென்று விரலால் தேடிப் பிடித்து அடியில் வைத்தாள்.

"தண்ணியைப் பாராதேங்கோ. நிமிந்து தூரத்தில பாருங்கோ. கோபுரம் தெரியுதே?"

கோபுரம் எப்போதும் நிற்கிற இடத்தில்தான் நின்றது. கண் முட்ட நீர் நிறைந்திருந்ததில் அவருக்கு அது தெரியவில்லை.

"தெரியுது" என்றார்.